ஒரு பலத்துக்கு எத்தனை கிராம்

போன மாசி மாதம் வவுனியாவில் புதிதாக நியமனம் பெற்ற மருந்துக் கலவையாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. இளைப்பாறியவர்களில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அரச சித்த வைத்தியசாலையில் வைத்தியர் எழுதுகிற மருந்தை நிறுத்து, இடித்து, காய்ச்சி, நோயாளியின் கையில் கொடுக்கிறவர்தான் மருந்துக் கலவையாளர். முப்பத்துநாலு வருடம் அந்த வேலையைச் செய்தேன். எனக்குத் தந்த தலைப்பு ‘பழைய நிறை அளவுகளும் மெற்றிக் அளவுகளும்’. நேரம் இருபது நிமிடம்.

கதைத்தேன். குன்றிமணி, மஞ்சாடி, கழஞ்சு, பலம் எல்லாவற்றையும் சொன்னேன். கொண்டுபோன மஞ்சாடி விதைகளைக் கையில் கொடுத்து நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். பிள்ளைகள் ஆசையாகத்தான் கேட்டார்கள். முடிகிற நேரம் பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழும்பியது.

“மிஸ், ஒரு பலத்துக்கு எத்தனை கிராம்? படிச்ச இடத்திலை ஒண்டு சொல்லித் தந்தவை. வேலை செய்யிற இடத்திலை வேறை ஒண்டு ஒட்டிக்கிடக்கு.”

நான் வாய் திறக்க முதல், தலைமை தாங்கின உத்தியோகத்தர் மைக்கை எடுத்தார். “அட்டவணையிலை முப்பத்தைஞ்சு கிராம் எண்டு இருக்கு. குழம்பத் தேவையில்லை, அதையே பாவியுங்கோ.” பிறகு என்னைப் பார்த்தார். “அப்பிடித்தானே மிஸ்?”

நான் தலையை ஆட்டினேன்.

கை தட்டினார்கள். மதியச் சாப்பாட்டுப் பார்சலும் ஒரு சான்றிதழும் தந்தார்கள். என் ஊர் முரசுமோட்டைக்குத் திரும்பி வரும்வரை பஸ்ஸில் என் கழுத்து எரிந்துகொண்டிருந்தது. ஒரு முறை வாயை மூடி ஒரு மனுசியைக் கெடுத்தவள் நான். இளைப்பாறின பிறகும், யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் இருந்துகொண்டும், அதையே திரும்பச் செய்திருக்கிறேன். மேடையில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். வைத்தியசாலையின் பெயரை எழுதவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

படித்த காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் சரக்குகளின் பெயரும் சுத்தி முறையும் பாடமாக்கினேன். முதல் நியமனமே முல்லைத்தீவு மாவட்டம். அங்கே பொறுப்பாக இருந்தவரை நாங்கள் பெரியையா என்று கூப்பிடுவோம். அது போரும் பொருளாதாரத் தடையும் நடந்த காலம். மின்தராசு என்ற ஒன்றை நாங்கள் கண்டதில்லை. கண்டிருந்தாலும் அதற்குப் போடப் பற்றரி வன்னிக்குள் வராது. எங்களிடம் இருந்தது ஒரு கைத்தராசும், கழஞ்சுக் கணக்கில் வார்த்த பித்தளைப் படிக்கற்களும்.

கொழும்புக் களஞ்சியத்திலிருந்து எப்போதாவது சரக்கு வரும். அது கிலோவிலும் கிராமிலும் வரும். எங்கள் செய்முறைகளோ கழஞ்சிலும் பலத்திலும். ஆகவே சாக்கை அவிழ்த்த உடனே என் வேலை புது நிறையைப் பழைய நிறையாக மாற்றுவதுதான். பெரியையா சொல்லித் தந்த வழி இலேசானது. கிராமை ஐந்தால் பிரித்தால் கழஞ்சு. கழஞ்சைப் பன்னிரண்டால் பிரித்தால் பலம். மூன்று கிலோ சுக்கு வந்தால் அறுநூறு கழஞ்சு, அதாவது ஐம்பது பலம். அந்தக் கணக்கில் ஒரு பலம் அறுபது கிராம். காலையில் போனவுடன் பெரியையா ஏதாவதொரு எண்ணைச் சொல்லுவார். நான் கைப்பையைக் கீழே வைக்க முதல் பலத்தில் பதில் சொல்ல வேண்டும். பிழைத்தால் ஏசமாட்டார். “நீ நிறுத்ததைத் திண்ணப்போறவன் உன்னட்டைக் கணக்குக் கேக்கமாட்டான், பிள்ளை. அவனுக்குக் கணக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைச் சொல்லுவார்.

அவர் தன் கையால் எழுதிய பதிவேடு ஒன்று இருந்தது. எல்லாச் செய்முறையும் அதில் இருந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் பலம், கழஞ்சு, மஞ்சாடிக் கணக்கு. கடைசி இடப்பெயர்வில் வைத்தியசாலை மூன்று தரம் இடம் மாறியது. மூன்று இடத்துக்கும் அந்தப் பதிவேட்டை ஒரு உரப்பையில் போட்டு நானே காவினேன். மூன்றாவது இடத்தில் பெரியையா செத்துப் போனார். அங்கிருந்து வெளிக்கிட்ட அன்று என் அம்மாவால் நடக்க ஏலாமல் போய்விட்டது. பையைப் போட்டுவிட்டு அம்மாவைத் தூக்கினேன். அதைப் பற்றி எனக்கு ஒருநாளும் கவலை இருந்ததில்லை. பிறகொரு நாள் ஒருவர் என்னிடம் “ஆதாரம் இருக்கோ” என்று கேட்கும்வரை.

மீள்குடியேறின பிறகு வைத்தியசாலையைத் திரும்பத் தொடங்கினோம். தகரக் கொட்டில், இரண்டு வாங்கு, ஒரு மேசை, எப்படியோ தப்பிவந்த பழைய கைத்தராசும் படிக்கற்களும். முதல் இரண்டு வருடம் பொறுப்பு வைத்தியர் மாறி மாறி வந்தார். பிறகு இந்தியாவில் மேற்படிப்புப் படித்த ஒருவர் நிரந்தரமாக வந்தார். அவரை டொக்டர் என்றே எழுதுகிறேன்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்கவேண்டாம். அப்படியென்றால் இந்தக் கதை எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. கொட்டிலைக் கட்டடமாக்கியது அவர்தான். ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கி மின்சாரம் எடுத்தார், கிணற்றை இறைப்பித்தார், மருந்தறைக்கு அலுமாரி வாங்கினார். காலை எட்டு மணிக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும். யாரையும் ‘நீ’ என்று சொல்லமாட்டார். காவலாளிக்கும் ‘நீங்கள்’தான். நோயாளிக்குக் கதிரை இல்லையென்றால் தான் எழும்பி நின்று நாடி பார்ப்பார். மருந்தறைக்கு வந்தால் முதலில் கைலேஞ்சியால் தராசுத் தட்டைத் துடைப்பார். நான் துடைத்திருந்தாலும் துடைப்பார். நான் நிறுத்த எண்ணைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்லி, எழுதி, பக்கத்துக்குக் கீழே தன் கையெழுத்தைச் சின்னதாக வைப்பார். இத்தனை வருடத்தில் இப்படி ஒழுங்காக வேலை செய்த ஒருவரைப் பார்க்கவில்லையே என்று சந்தோசப்பட்டேன்.

பதிவேடு தொலைந்ததைச் சொன்னபோது அவர் கவலைப்பட்டார். ஒரு கிழமை பின்னேரங்களில் என்னைக் கதிரையில் இருத்தி, என் வாயால் சொல்லச் சொல்லச் செய்முறை எல்லாவற்றையும் புதுக்கொப்பியில் எழுதினார். நாற்பத்தாறு செய்முறை. நான் தடக்குப்பட்டால் பொறுமையாகக் காத்திருந்தார். “மிஸ், நீங்கள் ஒரு நூல்நிலையம்” என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குச் சிரித்துக்கொண்டு போனேன்.

அடுத்த மாதம் மின்தராசு வந்தது. அதோடு ஒரு அட்டவணையும் வந்தது. அவர் படித்த இடத்துப் பாடக்குறிப்பிலிருந்து எடுத்த போட்டோக் கொப்பி. பிளாஸ்ரிக் உறை போட்டு, தராசுக்கு மேலே சுவரில் ஒட்டினார். மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தேன். கழஞ்சு ஐந்து கிராமும் சொச்சமும். சரி. பலம் முப்பத்தைந்து கிராம்.

“டொக்டர், இதிலை பலம் பிழையாக் கிடக்கு.”

“எப்பிடி மிஸ்?”

“எங்கடை பலம் அறுபது கிராம். பன்னிரண்டு கழஞ்சு.”

“அது இஞ்சை வாய்வழியா வந்த கணக்கு மிஸ். இது அச்சிலை இருக்கு.”

“இந்தியாச் செய்முறைக்கு அங்கத்தைப் பலம் சரியா இருக்கும். நாங்கள் எழுதினது இஞ்சத்தைச் செய்முறை. எங்கடை பலத்துக்கு எழுதினது.”

அவர் யோசித்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும், உண்மையாகவே யோசித்தார். பிறகு கேட்டார், “எழுத்திலை ஆதாரம் ஏதும் இருக்கோ?”

“பெரியையாவின்ரை பதிவேட்டிலை முதல் பக்கத்திலை இருந்தது.”

“அது இல்லையே மிஸ்.”

“என்ரை ஞாபகத்திலை இருக்கு.”

“நாளைக்கு ஒரு கணக்காய்வு வந்தால், மிஸ்ஸின்ரை ஞாபகத்தை நான் சுவரிலை ஒட்டேலுமோ?”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். நாற்பத்தாறு செய்முறையும் என் ஞாபகத்திலிருந்துதானே எழுதினீர்கள், அதற்கு என் ஞாபகம் போதுமென்றால் பலத்துக்கு ஏன் போதாது என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி எனக்கு வந்தது, ஆனால் இரண்டு நாள் கழித்து, வீட்டில் அரிசி களையும்போது. அடுத்த நாள் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு பென்சிலை எடுத்து, அட்டவணை உறையின் ஓரத்தில் சின்னதாக 60 என்று எழுதினேன். பிளாஸ்ரிக்கில் பென்சில் பிடிக்கவில்லை.

பெரும்பாலான மருந்துக்கு இந்தப் பலம் பெரிய வித்தியாசம் செய்யாது. எல்லாச் சரக்கையும் பலத்திலேயே எழுதியிருந்தால் எல்லாம் ஒரேயளவில் குறையும், மருந்தின் குணம் மாறாது, வருகிற அளவு மட்டும் குறையும். சில செய்முறையில்தான் ஒரு சரக்கு கழஞ்சிலும் மற்றவை பலத்திலும் இருக்கும். அப்படிக் கழஞ்சில் எழுதுகிற சரக்கு பெரும்பாலும் நஞ்சுச் சரக்காக இருக்கும்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற சேங்கொட்டை இலேகியம் அப்படியானது. சேங்கொட்டையின் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். அதனால் முதலில் கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு கொட்டையின் மூக்கை வெட்ட வேண்டும். பிறகு செங்கல் தூளில் போட்டுப் பிசற வேண்டும், தூள் எண்ணெயைக் குடிக்கும்வரை. கழுவி, இளநீரில் அவித்து, பிறகு பாலில் அவித்து, உலர்த்தி இடிக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் அதன் காரம் முழுதாகப் போகாது. மிச்சக் காரத்தைப் பனங்கட்டியும் எள்ளும் நெய்யும்தான் தாங்கும். எங்கள் செய்முறையில் சேங்கொட்டை முப்பது கழஞ்சு. பனங்கட்டி இருபது பலம், எள்ளுப் பத்துப் பலம், நெய் ஐந்து பலம். புது அட்டவணைப்படி சேங்கொட்டை அப்படியே நின்றது. அதைத் தாங்க வேண்டிய மூன்றும் கிட்டத்தட்டப் பாதியாகின.

முதல் தடவை புதுக்கணக்கில் காய்ச்சியபோதே தெரிந்தது. முன்பு இலேகியம் தாச்சியை விட்டுத் திரளும்போது மண்ணிறமாக இருக்கும். இது கறுத்துப் போய், ஓரத்தில் எண்ணெய் கக்கியது. தாச்சி கழுவின அன்று பின்னேரம் என் இடது மணிக்கட்டில் நாலைந்து கொப்புளம் போட்டது. டொக்டரிடம் காட்டினேன். “கையுறை போட்டு வேலை செய்யுங்கோ மிஸ்” என்றார். அடுத்த நாளே எங்கிருந்தோ ஒரு பெட்டி கையுறை கொண்டுவந்து தந்தார்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கிழமை றோசலின் வந்தா.

முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம். ஐம்பது வயது இருக்கும். புருசன் செபமாலை கடலுக்குப் போகிறவர். இவா மீன் வெட்டிக் கருவாடு போடுகிறவா. குந்தியிருந்து வெட்டி வெட்டி முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தது. போன வருடமும் வந்து ஒரு மண்டலம் இதே இலேகியம் சாப்பிட்டு நன்றாகச் சுகப்பட்டவா. அப்போது நிறுத்தது பித்தளைப் படிக்கல்லில், எங்கள் பலத்தில்.

பாக்களவு காலையும் மாலையும் என்று சொல்லிக் கொடுத்தேன். பத்தியமும் சொன்னேன். மீன், கருவாடு, புளி, கத்தரிக்காய் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது.

“தெரியும் மிஸ். போன முறை நாப்பது நாள் வெறுஞ்சோறும் பயத்தங்காயும். வீட்டு முத்தம் முழுக்கக் கருவாடு காயுது, நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டனான்.”

பக்கத்தில் நின்ற செபமாலை சிரித்தார். “இவாவுக்குத் தவசுகாலம் வருசத்திலை ரெண்டு தரம் வருது மிஸ்.”

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தா. உதட்டைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. உள்ளங்கையும் கடிக்குது என்று சொறிந்து காட்டினா. டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

“மீன் ஏதும் சாப்பிட்டனீங்களோ அம்மா?”

“இல்லை டொக்டர்.”

“கருவாட்டுக் குழம்பு, தெரியாமல் ஒரு கரண்டி?”

“மாதாவாணை இல்லை.”

அவர் தேங்காய்ப்பாலில் பூச்சு மருந்து எழுதினார். இரண்டு நாள் இலேகியத்தை நிற்பாட்டி, தணிந்த பிறகு திரும்பத் தொடங்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். என் இடது மணிக்கட்டில் அந்தக் கொப்புளம் காய்ந்த தழும்பு இருந்தது. அவாவின் உதட்டில் இருந்ததும் அதேதான். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் பூச்சு மருந்தைப் போத்தலில் அடைத்து, மூடி இறுக்கி, “வடிவாப் பூசுங்கோ அக்கா” என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்.

அவா சொன்னபடியே இரண்டு நாள் நிற்பாட்டித் திரும்பத் தொடங்கினா. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுசி. ஆறாம் நாள் முகமும் காலும் வீங்கி, உடம்பெல்லாம் கொப்புளித்து, சலம் போகாமல் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மூன்று கிழமை அங்கே கிடந்தா. உயிர் தப்பியது. சிறுநீரகம் பழையபடி திரும்பவில்லை. முகத்திலும் கையிலும் தோல் கறுத்தது கறுத்ததுதான்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்ததும் மாகாணத்திலிருந்து ஒரு விசாரணை உத்தியோகத்தர் வந்தார். விசாரணைக்கு முன் டொக்டர் மருந்தறைக்கு வந்தார். அன்றைக்குத் தராசுத் தட்டைத் துடைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “மிஸ், கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. எங்கள் ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது” என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும். அந்தச் சொல்தான் என்னைக் கட்டிப்போட்டது. அட்டவணை அவருடையது, நிறுத்தது என் கை. பிழை தெரிந்தும் நிறுத்தேன் என்று சொன்னால், முதல் கேள்வி என்னிடம்தான் வரும் என்று பயந்தேன்.

விசாரணை அரை மணித்தியாலம் நடந்தது. செபமாலையை முதலில் கூப்பிட்டார்கள்.

“வீட்டிலை கருவாடு இருந்ததோ?”

“எங்கடை தொழிலே அதுதானே ஐயா.”

“அவா அதைச் சாப்பிட்டிருக்கேலாது எண்டு நீங்கள் உறுதியாச் சொல்லுவியளோ?”

செபமாலை தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். “நான் கடலிலை நிக்கிற நேரம் அவா என்ன சாப்பிட்டவா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் ஐயா?”

உத்தியோகத்தர் எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இந்த மருந்தை நிறுத்தது நீங்களோ?”

“ஓம்.”

“செய்முறைக் கொப்பியிலை இருந்தபடியோ?”

“ஓம்.”

“அட்டவணையிலை இருந்தபடியோ?”

“ஓம்.”

“நோயாளிக்குப் பத்தியம் விளங்கப்படுத்தினீங்களோ?”

“ஓம்.”

“போன வருசமும் இதே மருந்து, இதே ஆளுக்குக் குடுத்தது. அப்ப ஒண்டும் நடக்கேல்லை, என்ன?”

“ஓம்.”

“அப்ப மருந்திலை பிழை இருக்கேலாதே.”

அது கேள்வி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பேனையை நிற்பாட்டி என் முகத்தைப் பார்த்தார். ஒருவேளை நான் ஏதும் சொல்லுவேன் என்று நினைத்திருக்கலாம். கதவு திறந்திருந்தது. வெளி வாங்கில் செபமாலை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் ஐந்து ‘ஓம்’ சொன்ன பிறகு ஆறாவதாகச் சொல்ல எனக்கு ஒரு சொல் வரவில்லை. தாளைத் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன்.

நோயாளி பத்திய விதிகளை மீறியமையால் ஏற்பட்ட ஒவ்வாமை என்று அறிக்கை வந்தது. ஒரு வரி. அதற்குப் பிறகு டொக்டர் எனக்குச் சொன்னதும் ஒரு வரிதான். “சேங்கொட்டை இலேகியத்தை இனிக் காய்ச்ச வேண்டாம் மிஸ்.” ஏன் என்று சொல்லவில்லை. அவருக்கும் விளங்கியிருந்தது என்று அப்போது அறிந்தேன். அலுமாரியில் மிச்சமிருந்த போத்தல்களைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கிடங்கு வெட்டித் தாட்டார். சேட்டுக் கை முழுக்கச் செம்மண். ஆனால் அட்டவணையைக் கழற்றவில்லை. கழற்றினால் அதற்கொரு காரணம் எழுத வேண்டி வரும். இரண்டு வருடத்தில் பதவி உயர்வோடு மாற்றமாகிப் போனார். பிரியாவிடையில் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். அவர் நல்ல மனுசன் என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

என் மிச்சச் சேவைக்காலம் முழுவதும் மருந்தைக் கழஞ்சிலேயே நிறுத்தேன். கொப்பியில் பலம் என்று இருக்கிற இடமெல்லாம் பன்னிரண்டால் பெருக்கி, கழஞ்சாக்கி, கிராமாக்கி நிறுத்தேன். கையெழுத்து வைக்கிற பக்கத்துக்கு அட்டவணைப்படியான எண்ணையே வாசித்தேன்; டொக்டர் போனபிறகு அதை நானே எழுதினேன். அதாவது, சரியான மருந்துக்குப் பிழையான கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். இப்படிக் களவாகச் சரிசெய்ததில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நான் போனபிறகு வருகிற பிள்ளை பக்கத்தில் எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்துத்தானே நிறுக்கும் என்று யோசிக்கவில்லை. வவுனியாவில் அந்தப் பிள்ளை எழும்பிக் கேட்டபோதுதான் யோசித்தேன். கேட்டும் தலையை ஆட்டினேன்.

பயிற்சி முடிந்து வந்த அடுத்த நாள் உட்கார்ந்து திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் செய்முறைகளில் பலம் அறுபது கிராம் என்பதையும், அட்டவணையால் என்ன நடந்தது என்பதையும், விசாரணையில் நான் எதை மறைத்தேன் என்பதையும் எழுதினேன். பதிவுத்தபாலில் போட்டேன். இன்னும் மறுமொழி இல்லை.

அந்தக் கிழமையே பஸ் ஏறினேன். வட்டுவாகல் பாலம் தாண்டி, இறங்கி, விசாரித்து விசாரித்துப் போனேன். ஒரு கடையில் நின்ற பொடிச்சியிடம் றோசலின் வீடு எது என்று கேட்டேன். “எந்த றோசலின்? பத்தியத்திலை கருவாடு திண்டு கறுத்துப்போனவாவோ?” என்று கேட்டு வழி காட்டினாள். அவளில் பிழையில்லை. அந்தப் பெயர் அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே வந்திருக்கும்.

வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். செபமாலைக்கு வயதாகிவிட்டது, இப்போது கடலுக்குப் போவதில்லை. முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். றோசலின் என்னை உடனே அடையாளம் கண்டா. கதிரை எடுத்துப் போட்டா. கை இரண்டும் கறுத்து, தோல் தடித்துப்போய் இருந்தது. தேத்தண்ணி போடக் குசினிக்குத் திரும்பினவாவை நான் நிற்பாட்டினேன்.

“வேண்டாம் அக்கா. முதல்லை நான் வந்த விசயத்தைச் சொல்லுறன். பேந்து போடுறதெண்டால் போடுங்கோ.”

சொன்னேன். பலம், கழஞ்சு என்று சொல்லாமல், காரம் இவ்வளவு, அதைத் தாங்குகிற சாமான் இவ்வளவு, அது பாதியாகக் குறைந்துபோனது என்று சொன்னேன். கருவாட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சொன்னேன். உதடு தடித்து வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். 

றோசலின் அழவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“நான் தெரியாமல் ஏதோ திண்டிட்டனாக்கும் எண்டு நினைச்சன் மிஸ்” என்று சொன்னா. “எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்திட்டுது. சட்டியிலை கை பட்டிருக்குமோ, கரண்டி மாறியிருக்குமோ எண்டு. பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியிட்டையும் சொன்னனான், மாதாவிலை ஆணையிட்டுப் பொய் சொன்னனான் எண்டு.”

செபமாலை வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். முகம் சிவந்திருந்தது. “நீங்கள் அண்டைக்குச் சொல்லியிருந்தால் மிஸ், இந்தச் சனத்தின்ரை வாயாலை இவள் இவ்வளவு பட்டிருக்கமாட்டாள். அண்டைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

 மறுமொழி சொன்னது றோசலின்.

“அவா அண்டைக்குச் சொல்லேல்லை” என்று அவரைப் பார்த்துச் சொன்னா. குரல் உயரவே இல்லை. “நீங்கள் அண்டைக்கு என்னைக் கேக்கேல்லை.”

  அவர் எழும்பி, வலையை அப்படியே போட்டுவிட்டுப் படலையைத் திறந்து கடல் பக்கம் நடந்தார். அவா அவர் போன பக்கம் பார்க்கவில்லை. நான் எழும்பினேன். திணைக்களத்துக்கு எழுதியிருக்கிறேன், பத்திரிகைக்கும் எழுதப் போகிறேன், ஊரில் யார் கேட்டாலும் வந்து சொல்லத் தயார் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் “ம்” என்று சொன்னா. தேத்தண்ணியைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை.

படலைவரை வந்தா. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை ‘போட்டு வாங்கோ’, அதாவது போய்விட்டு வாருங்கள் என்றுதான் அனுப்புவோம். கோபக்காரர்கூட அப்படித்தான் சொல்லுவார்கள்.

“சரி மிஸ்” என்று சொன்னா. “போங்கோ.”